கட்டிலை அடையாதவர் கணக்கு

மலைநாட்டில் தராசு இல்லாத தேயிலைத் தோட்டம் இல்லை. கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்படும் ஒவ்வொரு கூடைக்கும் கணக்கு உண்டு. எத்தனை கிலோ, ஈரத்துக்காகக் கழித்தது எவ்வளவு, யார் பெயரில் எவ்வளவு என்பனவெல்லாம் அன்றாடம் புத்தகத்தில் ஏறுகின்றன. 1867 ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு இந்தக் கணக்கு நடந்து வருகின்றது. வெள்ளைத் துரைமார் போயினர். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. 1992 இல் தோட்டங்கள் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. ஆட்சிகள் மாறின, அதிகாரிகள் மாறினர், நிறுவைப் புத்தகம் மட்டும் ஒருநாளும் மூடப்படவில்லை.

அந்தக் கொழுந்தைக் கிள்ளிய பெண் ஒருநாள் மலையிலே மூச்சுத் திணறி விழுகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் நிமிடத்துக்கு எத்தனை தடவை மூச்சு வாங்கினாள்? நாடி எவ்வளவு வேகமாக ஓடிற்று? இரத்த அழுத்தம் எந்த நேரத்தில் வீழ்ந்தது? விழுந்த நேரம் எது, மருந்துச் சாலையை அடைந்த நேரம் எது, வாகனம் வந்த நேரம் எது? இவற்றை எழுதும்படி எந்தப் புத்தகம் கேட்கின்றது? கொழுந்தின் எடைக்கு இருக்கும் மதிப்பு, கொழுந்து பறிப்பவளின் மூச்சுக்கு இல்லை என்பதே இதன் பொருள். இந்த ஒரு குறையைப் பற்றியே இவ்வாரம் எழுத முற்பட்டோம். சிறு குறை போலத் தோன்றும் இதனுள்ளே ஒரு சமுதாயத்தின் உயிர்ப் பிரச்சினை அடங்கிக் கிடக்கின்றது.

கைகள் காத்த உயிர்கள்

தீவிர சிகிச்சை என்றதும் பளபளக்கும் இயந்திரங்களும் கோடிக்கணக்கான ரூபாவும் நம் கண்முன் தோன்றுகின்றன. அத்துறை பிறந்த வரலாறு வேறு. 1952 ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளர் அணியணியாக வைத்தியசாலைக்கு வந்தனர். அக்காலத்து இரும்புச் சுவாசப் பெட்டிகளால் பயன் விளையவில்லை. முதல் மூன்று வாரங்களில் அவ்வாறு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர். அப்போது பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து வைத்தியர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டலாம் என்று காட்டினார். ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் நோயாளரின் அருகே அமர்ந்து, அந்தப் பைகளை அழுத்தினர். இறப்பு வீதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. அடுத்த ஆண்டிலேயே அந்நகரில் தீவிர சிகிச்சைக்கெனத் தனி விடுதி பிறந்தது.

இந்த வரலாறு உணர்த்துவது யாது? நோயாளியின் அருகே ஒரு மனிதன் இருந்தான், விடாமல் பார்த்தான், பார்த்ததை எழுதினான், மாற்றம் கண்டவுடன் செயற்பட்டான். தீவிர சிகிச்சையின் உயிர்நாடி இதுவே. இயந்திரம் பின்னால் வந்தது. பார்ப்பதும் எழுதுவதும் இல்லாத இடத்தில் எந்த இயந்திரமும் வெறும் இரும்பே.

இலங்கை உலகுக்குச் சொன்ன பாடம்

இத்துறையில் இலங்கை பின்தங்கிய நாடு என்று எண்ண வேண்டா. நஞ்சுண்டு உயிருக்குப் போராடுவோரைக் காப்பது பற்றிய ஆராய்ச்சியில் இந்நாடு உலகுக்கே ஆசானாக விளங்கியிருக்கின்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு இலங்கை வைத்தியர்களும் பிரித்தானிய, அவுஸ்திரேலிய வைத்தியர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வுகளை இன்று பல நாட்டு வைத்தியக் கல்லூரிகள் பாடமாகப் படிப்பிக்கின்றன.

ஓர் உதாரணம் காண்போம். நஞ்சு உட்கொண்டவருக்கு மருந்துக் கரியைக் கரைத்துக் கொடுப்பது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. அதனால் உயிர் பிழைக்கின்றதா என்று எவரும் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கவில்லை. இலங்கையின் வைத்தியசாலைகளில் 4,632 நோயாளரிடம் அந்தச் சோதனை நடைபெற்றது. 2008 இல் லான்செற் வைத்திய ஏட்டில் முடிவு வெளியாயிற்று. பலமுறை கரி பெற்றோரில் 100 க்கு 6.3 பேர் இறந்தனர். கரி பெறாதோரில் 6.8 பேர் இறந்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெரியவர் சொன்னார், பாடநூல் சொன்னது என்று செய்துவந்த ஒன்றை எண்ணிக்கை தராசில் நிறுத்துக் காட்டிற்று.

தோட்டத் தொழிலாளரும் கமக்காரரும் நன்கறிந்த பராகுவாட் என்னும் களைநாசினியை எடுத்துக்கொள்வோம். தேயிலை மலைகளில் நெடுங்காலம் தெளிக்கப்பட்ட மருந்து அது. உட்சென்றால் நுரையீரலைத் தாக்கி மூச்சைச் சிறிது சிறிதாக அடைக்கும். அந்நிலையில் பிராணவாயுவை அதிகமாகக் கொடுத்தால் கேடு பெருகும். முறிவு மருந்து இல்லை. நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை மிகுந்த அளவில் கொடுத்துப் பார்த்த சோதனையும் இலங்கையிலேயே நடந்தது. 2018 இல் வெளியான அதன் முடிவும் பயனில்லை என்பதே. பராகுவாட் நஞ்சால் வைத்தியசாலைக்கு வந்தோரில் பத்துக்கு நால்வருக்கு மேல் இறந்தனர் என்பதைப் பதிவேடுகள் காட்டின.

பதிவேடு காட்டிய பின்னரே சட்டம் அசைந்தது. மிகக் கொடிய வகையைச் சேர்ந்த பூச்சிநாசினிகள் 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் தடை செய்யப்பட்டன. 2008 க்கும் 2011 க்கும் இடையில் பராகுவாட்டும் டைமெதோயேற்றும் பென்தியனும் படிப்படியாகச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டன. பலன் என்ன? 1996 முதல் 2005 வரையிலான பத்தாண்டில், அதற்கு முந்திய பத்தாண்டைவிட 19,769 தற்கொலை மரணங்கள் குறைந்தன என்று 2007 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. தடையினால் பயிர் அழியும், கமக்காரன் வீதிக்கு வருவான் என்று பயமுறுத்தியோர் இருந்தனர். ஆராய்ந்து பார்த்தபோது பூச்சிநாசினித் தடைகளால் விளைச்சல் வீழ்ந்ததாகச் சான்று கிடைக்கவில்லை. வைத்தியசாலைக் கட்டிலருகே எழுதப்பட்ட குறிப்பு, வயலிலும் மலையிலும் உயிர்களைக் காத்த கதை இது. எழுதியிராவிட்டால் அச்சட்டத்துக்கு ஆதாரம் ஏது?

கட்டில்களின் கணக்கேடு

கமக்காரருக்கு இது புதிய விடயமன்று. எத்தனை புசல் விதைத்தோம், எத்தனை மூடை அறுத்தோம், எந்த வயலில் எந்த நோய் கண்டது என்று நினைவில் வைத்திராதவன் அடுத்த போகத்திலும் அதே தவறைச் செய்வான். வைத்தியசாலையும் அவ்வாறே.

இலங்கையின் தீவிர சிகிச்சைக் கட்டில்கள் பற்றி 2012 இல் வெளியான கணக்கொன்று, ஒரு இலட்சம் மக்களுக்கு ஏறக்குறைய 2.3 கட்டில்கள் என்று கூறிற்று. அமெரிக்காவில் அத்தொகை 20 க்கு மேல். கட்டில்கள் இத்துணை அரிதாக இருக்கும் நாட்டில், எந்தக் கட்டிலில் யார் கிடக்கின்றார், எந்த வைத்தியசாலையில் இடமிருக்கின்றது, எத்தனை பேர் தேறினர் என்பது தெரியாமல் இருக்கலாமா? இந்தக் கேள்வியிலிருந்தே இலங்கையின் தீவிர சிகிச்சைப் பதிவேடு பிறந்தது. டொக்டர் ரஷான் ஹனிபாவும் அவருடைய சகபாடிகளும் சுகாதார அமைச்சோடும், பாங்கொக்கிலுள்ள மஹிடோல் ஒக்ஸ்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தோடும் சேர்ந்து அதனை வளர்த்தனர். மேல்நாடுகளில் நோயின் கடுமையை அளக்கும் முறைகள் பல ஆய்வுகூடப் பரிசோதனைகளைக் கேட்கும். நம் நாட்டு மாவட்ட வைத்தியசாலையில் அவையெல்லாம் நள்ளிரவில் கிடையா. ஆகவே, குறைந்த பரிசோதனைகளோடு நோயாளியின் ஆபத்தைக் கணிக்கும் எளிய முறையொன்றையும் இவர்கள் ஆராய்ந்து 2017 இல் வெளியிட்டனர். கொழும்பில் உருவான அந்த ஏட்டு முறை கடல் கடந்து சென்று, சென்னையை மையமாகக் கொண்ட இந்தியத் தீவிர சிகிச்சைப் பதிவேட்டுக்கும் அடிப்படையாயிற்று. இதை எண்ணி இந்நாட்டவர் யாவரும் பெருமைப்படலாம்.

பெருமைப்பட்ட பின் ஒரு கேள்வி கேட்கவேண்டும். தீவிர சிகிச்சைப் பதிவேடு யாரை எழுதும்? தீவிர சிகிச்சைக் கட்டிலை அடைந்தவரை எழுதும். அடையாதவரை எவ்வாறு எழுத முடியும்? கொழும்பு நகரத்தில் நோயுற்றவனுக்கு அந்தக் கட்டில் சில நிமிடப் பயணம். பொகவந்தலாவைக்கு மேலே, மஸ்கெலியாவுக்கு அப்பால், அக்கரப்பத்தனை மலைமுகட்டு லயத்தில் கிடப்பவனுக்கு அது எத்தனை வளைவு, எத்தனை சரிவு, எத்தனை மணி நேரம்? லயத்திலிருந்து மருந்துச் சாலைக்கு. மருந்துச் சாலையிலிருந்து பிரதேச வைத்தியசாலைக்கு. அங்கிருந்து டிக்கோயா கிளங்கனுக்கு அல்லது நுவரெலியாவுக்கு. அங்கும் இடமில்லையேல் கண்டிக்கோ பேராதனைக்கோ. இந்தப் படிகளில் எந்தப் படியில் உயிர் பிரிந்தாலும் அவன் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறாது. மலையகத்திலிருந்து கட்டிலை அடைவோர், வழியிலே சாகாத வலிமையுடையோர். அவர்களை மட்டும் எண்ணிப் பார்த்து, மலையகத்தில் நிலைமை மோசமில்லை என்று ஒருவர் முடிவு கட்டினால், ஆற்றைக் கடந்தவரை மட்டும் விசாரித்து ஆறு ஆழமில்லை என்று சொன்ன கதையாகும்.

சமவெளியின் அளவுகோல்

இன்னொரு விடயமும் உண்டு. கட்டிலை அடைந்தாலும், எந்த அளவுகோலால் அளக்கின்றனர்?

விரலில் மாட்டி இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளக்கும் சிறு கருவியைக் கொரோனாக் காலத்தில் யாவரும் கண்டிருப்பர். 1974 இல் ஜப்பானில் தக்குவோ அவோயாகி கண்ட தத்துவத்தில் இயங்குவது அது. ஒளியைத் தோலினூடே செலுத்தி அது அளக்கின்றது. தோல் கறுப்பானால் சில வேளைகளில் உண்மையைவிட அதிகமாகக் காட்டிவிடுகின்றது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பு நிறத்தவரிடத்தில், மறைந்திருக்கும் பிராணவாயுக் குறைவை இக்கருவி ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகின்றது என்று காட்டிற்று. வெயிலிலும் மழையிலும் கறுத்த நம் தொழிலாளியின் விரலில் அக்கருவி எதைக் காட்டுகின்றது?

அதனோடு உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆதலின் அங்கு வாழும் சுகதேகிக்கும் பிராணவாயு அளவு சமவெளி மனிதனைவிடச் சற்றுக் குறைந்தே காட்டும். உயரம் அளவைக் குறைத்துக் காட்டுகின்றது. நிறம் கூட்டிக் காட்டுகின்றது. இரண்டும் சேர்ந்த உடலில் எந்த எண்ணைக் கண்டால் வைத்தியர் அஞ்ச வேண்டும்? சமவெளியில் வகுத்த எண்ணை மலையில் அப்படியே ஒட்டிவைப்பது அறிவுடைமையாகாது. மலையக மக்களின் உடலிலேயே அளந்து, அவர்களுக்குரிய எண்ணைக் காண வேண்டும்.

வேறிடத்து முறையை ஆராயாமல் பின்பற்றினால் என்ன நேரும் என்பதற்கு ஆபிரிக்கா சாட்சி. கென்யா, உகண்டா, தன்சானியா ஆகிய நாடுகளில் கடுங்காய்ச்சலோடும் அதிர்ச்சி நிலையோடும் வந்த 3,141 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. நரம்பு வழியே விரைவாக நீர் ஏற்றுவது மேல்நாட்டு முறை. அது உயிர் காக்கும் என்றே எல்லாரும் நம்பினர். 2011 இல் முடிவு வந்தபோது வைத்திய உலகம் திகைத்தது. விரைந்து நீர் ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துள் 100 க்குப் பத்துக்கு மேல் இறந்தனர். ஏற்றாத குழந்தைகளில் 7.3 பேரே இறந்தனர். செல்வ நாட்டின் நன்மருந்து வறிய நாட்டின் குழந்தைக்கு நஞ்சாயிற்று. அந்த மண்ணில் சோதித்துப் பார்த்திராவிட்டால் இன்னும் எத்தனை பிள்ளைகளைப் பலிகொடுத்திருப்பார்களோ!

குளவியும் ஓர் ஊசியும்

தேயிலை மலையில் குளவிக்கூடு கலைந்தால் என்ன நடக்கும் என்பதை மலையகத்தில் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள வாசகர்களுக்காகச் சொல்கின்றோம். கொழுந்து பறிக்கும் கூட்டத்தின்மேல் குளவிகள் பாய்ந்து கொட்டுகின்றன. பலர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படுகின்றனர். சிலர் திரும்புவதில்லை. ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் நாலு வரிச் செய்தியாக வந்து மறையும் மரணம் இது.

வைத்திய நூல்கள் இதில் இரண்டு வகை ஆபத்தைக் கூறுகின்றன. ஒன்று, ஒவ்வாமை அதிர்ச்சி. ஒரு கொட்டுப் போதும். சில நிமிடங்களில் தொண்டை வீங்கும், மூச்சு அடைக்கும், இரத்த அழுத்தம் வீழும். மற்றது, நூற்றுக்கணக்கான கொட்டுகளால் ஏறும் நஞ்சு. அது தசையைச் சிதைத்து, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் வேலை செய்யும். முதல்வகையில் உயிர் காப்பது தொடைத் தசையில் உடனே போடப்படும் அட்ரினலின் ஊசி. இரண்டாம் வகையில் உயிர் காப்பது, கழியும் சிறுநீரின் அளவையும் நிறத்தையும் மணிக்கு மணி பார்த்து எழுதும் விழிப்பு. நன்றாய்த்தான் இருக்கின்றார் என்று சொல்லி மாலையில் லயத்துக்கு அனுப்பப்பட்டவர், சிறுநீரகம் பழுதாகி இரண்டு நாளில் திரும்பி வரக்கூடும்.

அட்ரினலின் பற்றியும் இலங்கையே உலகுக்குப் பாடம் சொன்னது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது பலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்படுவதுண்டு. அதைத் தடுக்கும் வழியைக் களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அசித்த டி சில்வாவும் பிறரும் 1,007 நோயாளரிடம் ஆராய்ந்தனர். முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால், முதல் ஒரு மணி நேரத்தில் கடும் ஒவ்வாமை 100 க்கு 43 பங்கு குறைகின்றது என்று 2011 இல் அறிவித்தனர். வழக்கமாகக் கொடுத்துவந்த வேறிரு மருந்துகளால் அந்தப் பயன் கிடைக்கவில்லை. அட்ரினலின் விலையுயர்ந்த மருந்தன்று, அபூர்வ மருந்துமன்று. அது எல்லாத் தோட்ட மருந்துச் சாலைகளிலும் காலாவதியாகாமல் இருக்கின்றதா, அதைப் போடும் பயிற்சியும் அதிகாரமும் பெற்றவர் வேலை நேரம் முழுவதும் அங்கே இருக்கின்றாரா என்பதே கேள்வி. கம்பனி, அது அரசாங்கத்தின் பொறுப்பு என்கின்றது. அரசாங்கம், தோட்டம் கம்பனியின் எல்லை என்கின்றது. இருவரும் வழக்காடிக்கொண்டிருக்கையில் குளவி யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

பரிசோதனைப் பிராணியா, பங்காளியா?

ஆராய்ச்சி வேண்டும் என்று நாம் சொல்லும்போது, மலையக மக்கள் சிலர் அஞ்சுவதும் நியாயமே. அவர்களுடைய வரலாறு அத்தகையது. 1916 இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தோட்டங்களிலே தொடங்கினர். தொழிலாளருக்கு மருந்து கொடுத்தனர்; மலத்தைச் சோதித்தனர்; எண்ணிக்கைகளை எழுதினர். ஆனால் போதிய மலகூடங்கள் கட்டப்படாத இடங்களில், குணமடைந்தவன் மறுபடியும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்து அதே புழுவைப் பெற்றான். தொழிலாளியின் உழைப்புத்திறன் கூடவேண்டும் என்பதில் துரைமாருக்கு இருந்த அக்கறை, மலகூடத்துக்குச் செலவிடுவதில் இல்லை.

ஆகவே ஆராய்ச்சிக்கு நிபந்தனை உண்டு. உயிருக்குப் போராடுகின்றவன் சம்மதம் கூறமுடியாத நிலையில் கிடக்கின்றான். மனைவியோ மகனோ அவனுக்காகப் பேசவேண்டும். அவர்கள் முன் நீட்டப்படும் படிவம் எந்த மொழியில் இருக்கின்றது? விளக்கிச் சொல்பவர் எந்த மொழியில் பேசுகின்றார்? 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். 1987 இல் தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. எழுதியது கடதாசியில், வாட்டில் நிற்பவளுக்கு வேண்டியது வாயில். நெஞ்சு அடைக்கின்றதா எரிகின்றதா, தலை சுற்றுகின்றதா கண் இருட்டுகின்றதா என்னும் வேறுபாட்டில் நோயின் தன்மை தங்கியிருக்கும்போது, மொழி தெரியாத வைத்தியர் அரைக்கண்ணோடு வைத்தியம் செய்கின்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழறிந்த தாதியரையும் உத்தியோகத்தரையும் நியமிக்காத நிர்வாகத்தையே கேட்கவேண்டும். மொழியுரிமை கந்தோர்க் கடிதத்தோடு முடியும் விடயமன்று என்பதை நோயாளியின் கட்டில் நமக்குக் காட்டுகின்றது.

மற்றொரு நிபந்தனையும் உண்டு. ஆராய்ச்சி முடிந்தால் மருந்து தொடர வேண்டும். மஞ்சள் அலரி நஞ்சுக்கு ஒரு முறிவு மருந்து பலனளிப்பதை இலங்கையில் 66 நோயாளரிடம் நடத்திய ஆய்வு 2000 இல் நிரூபித்தது. மருந்தின் விலையோ மிகப் பெரிது. 2002 இல் கையிருப்புத் தீர்ந்தது. இறப்பு மீண்டும் உயர்ந்தது. எந்த மக்களின் உடலால் ஓர் உண்மை கண்டறியப்பட்டதோ, அந்த மக்களுக்கே அதன் பயன் எட்டாமற் போவது அநீதி.

சிலர் கூறும் தடைகள்

முதலில் வீடு கட்டுங்கள், சம்பளத்தை உயர்த்துங்கள், குடிநீர் கொடுங்கள். அதன்பின் ஆராய்ச்சி பேசலாம் என்று கூறுவோர் உண்டு. வீடும் சம்பளமும் குடிநீரும் வேண்டும் என்பதில் எமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அவற்றைக் கேட்பதற்கும் கணக்கு வேண்டாமா? எந்த லயத்திலிருந்து எத்தனை பேர் நெஞ்சடைப்போடு வந்தனர், எத்தனை தாய்மார் இரத்தப் பெருக்கோடு வந்தனர், எத்தனை பேர் பாதையில்லாத காரணத்தால் தாமதித்து இறந்தனர் என்று எழுதி வைத்தால், அதுவே வீட்டுக்கும் பாதைக்கும் வழக்குரைக்கும் சாட்சியாகும். பராகுவாட்டை ஒழித்தது மேடைப் பேச்சு மட்டுமன்று; எண்ணிக்கையும் சேர்ந்தே ஒழித்தது.

பணமில்லை என்பது இரண்டாவது தடை. இத்துறையின் பெரிய வெற்றிகள் பல மலிவானவை. 2020 ஜூனில் பிரித்தானியாவில், டெக்சாமெதசோன் என்னும் பழைய மலிவு மருந்து, செயற்கைச் சுவாசத்தில் கிடந்த கொரோனா நோயாளரின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றது என்று கண்டனர். புதிய மருந்தைக் கண்டுபிடிக்கவில்லை. பழைய மருந்தை எண்ணிப் பார்த்தனர். இலங்கையிலும், மொனறாகலை மாவட்டப் பொது வைத்தியசாலையில், நோயாளி சீர்கெடுவதை முன்னறியும் புள்ளி முறைகளை ஆராய்ந்து 2018 இல் வெளியிட்டனர். அம்முறைகளுக்கு வேண்டிய அடிப்படை அளவுகள் பல நோயாளரின் குறிப்பேடுகளில் முழுமையாக இருக்கவில்லை என்பதே அங்கு தெரிந்த முக்கிய குறை. மூச்சை எண்ணுவதற்கு என்ன செலவு? மணிக்கூட்டில் ஒரு நிமிடம்!

கட்டடங்கள் வரவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு 150 கட்டில் வைத்தியசாலை எழுந்து, 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியால் திறந்துவைக்கப்பட்டது. 2016 இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவையும் இந்திய நன்கொடையால் பின்னர் பிற மாகாணங்களுக்கு விரிந்தது. இவற்றை நன்றியோடு வரவேற்கின்றோம். ஆனால் கட்டடத்தின் வாசல்வரை நோயாளி உயிரோடு வருவதை உறுதிசெய்வது, கட்டடம் கட்டுவதைவிடக் கடினமான வேலை. திறப்புவிழாவும் மாலையும் படமும் இல்லாத வேலை. ஆதலால்தான் அரசியல்வாதிகளுக்கு அதில் ருசி இல்லை.

செய்ய வேண்டியவை

கோரிக்கையைத் தெளிவாகவே வைக்கின்றோம்.

ஒவ்வொரு தோட்ட மருந்துச் சாலையிலும் நாடி, மூச்சு எண்ணிக்கை, இரத்த அழுத்தம், உடற்சூடு, பிராணவாயு, நினைவுநிலை ஆகிய ஆறையும் எழுதும் ஒற்றைத்தாள் ஏடு வேண்டும். அது தமிழில் இருக்கவேண்டும். நோயாளியோடு வைத்தியசாலைவரை செல்லவேண்டும்.

விழுந்த நேரம், மருந்துச் சாலை சேர்ந்த நேரம், வாகனம் புறப்பட்ட நேரம், வைத்தியசாலை சேர்ந்த நேரம் ஆகிய நான்கும் அதில் பதியப்பட வேண்டும். வழியில் இறந்தவரின் தாளும், மரண விசாரணை அதிகாரியின் முடிவோடு சேர்த்து, மாவட்டப் பதிவில் ஏறவேண்டும். கட்டிலை அடையாதவர் அப்போதுதான் கணக்கில் வருவர்.

அட்ரினலினும் பிராணவாயுச் சிலிண்டரும் எல்லா மருந்துச் சாலைகளிலும் இருக்கவேண்டும். அவற்றைக் கையாளும் பயிற்சியைத் தோட்ட வைத்திய உத்தியோகத்தருக்கு அரசாங்கமே கொடுக்க வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகமும் நுவரெலியா, டிக்கோயா வைத்தியசாலைகளும் சேர்ந்து, மலைநாட்டு மக்களுக்குரிய பிராணவாயு அளவையும் ஆபத்துக் குறிகளையும் ஆராயவேண்டும். சம்மதப் படிவம் தமிழில் இருக்கவேண்டும். முடிவைப் பிரட்டுக்களத்தில் நின்று தொழிலாளருக்குச் சொல்லவேண்டும்.

1912 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவையைத் துரைமாரின் கடமையாக வகுத்த காலம் போய்விட்டது. தோட்ட வைத்திய நிலையங்களை அரசாங்கம் கையேற்கும் பணி 1990 களில் தொடங்கியும் அரைவழியிலேயே நிற்கின்றது. அதனை முடிக்க நாட்குறித்துச் சொல்லவேண்டும். பிரஜாவுரிமை மீளக் கிடைத்தவனுக்கு, மற்றப் பிரஜைக்குரிய வைத்தியம் ஏன் வேறு வாசலில் வரவேண்டும்?

படித்த தமிழருக்கு ஒரு வார்த்தை. வைத்தியர்களே, கணக்காளர்களே, ஆசிரியர்களே! ஒரு தாள் ஏட்டை வகுக்கவும், அதை மருந்துச் சாலை உத்தியோகத்தருக்குப் பழக்கவும், சேர்ந்த எண்களைக் கூட்டிப் பார்க்கவும் மந்திரியின் உத்தரவு தேவையில்லை. ஒரு தோட்டத்தை எடுத்து ஓராண்டு நடத்திக் காட்டுங்கள். கமக்காரப் பெருமக்களே! வயலில் நஞ்சுக்குப் பலியானோரின் கணக்கே மலையிலிருந்தும் பராகுவாட்டை நீக்க உதவிற்று. மலையகத்தின் கணக்கு நாளை உங்கள் ஊர் நோயாளிக்கும் உதவும். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருவோரிடம், வீதியையும் விளக்கையும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: போன ஆண்டு இந்த மாவட்டத்தில் வைத்தியசாலைக் கட்டிலை அடையுமுன் இறந்தவர் எத்தனை பேர்? எண்ணைச் சொல்லத் தெரியாதவருக்கு வாக்குக் கேட்கவும் வாயில்லை என்று சொல்லியனுப்புங்கள்.